கலோரிக் கணக்கு மட்டும் போதுமா?

காலை உணவைத் தவிர்த்துவிட்டு, இடைவேளையில் பிஸ்கட்டும் மென்பானமும் எடுத்து, "கலோரி கணக்குச் சரிதானே" என்கிறோம். கலோரி என்பது சக்தியின் அளவு மட்டுமே. உடல் எல்லா உணவையும் ஒன்றுபோல் நடத்துவதில்லை. புரதம் தரும் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் வரை அதன் சமிபாட்டுக்கே செலவாகிறது. கொழுப்பிலோ மிகச் சொற்பமே.

2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 20 பேருக்குக் கலோரியும் சீனியும் சமமாக அமைந்த இருவகை உணவுகள் பரிமாறப்பட்டன. விரும்பிய அளவு உண்ணலாம். தொழிற்சாலைத் தயாரிப்புகளை உண்ட இரு வாரங்களில், அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டனர். நிறையும் ஏறியது.

ஆகவே, எண்ணிக்கைக்கு முன் உணவைப் பார்ப்போம். அவித்த கடலையும் முட்டையும் கொடுத்தனுப்புங்கள், தாய்மாரே! சகோதரிகளே, உடல் அல்லாஹ் தந்த அமானிதம். பட்டினி போட்டு அதை வாட்ட வேண்டாம்.