இந்தியாவில் எங்கள் வங்கிக் கணக்கு ஏன் செல்லாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 பெப்ரவரி 12ஆம் திகதி இந்தியாவின் யூபிஐ கொடுப்பனவு முறை இலங்கையில் தொடக்கி வைக்கப்பட்டது. எங்கள் ஜனாதிபதியும் இந்திய, மொரிசியஸ் பிரதமர்களும் காணொளி வழியே அதில் கலந்துகொண்டார்கள். நிலாவரைக் கிணறு பார்க்க வரும் சென்னைக்காரர், லங்கா கியூஆர் குறியீடு மாட்டியிருக்கும் கடையில் கைபேசியால் ஸ்கான் செய்து, தன் ஊர் வங்கிக் கணக்கிலிருந்தே இளநீருக்குக் காசு கொடுக்கலாம். அதை வரவேற்கிறேன். ஆனால் புத்தூரிலிருந்து சென்னைக்குப் போகிற எங்களுக்கு அந்த வசதி தரப்படவில்லை.

அதே நாளில் மொரிசியஸ் நாட்டவருக்கு, தங்கள் நாட்டுச் செயலி மூலம் இந்தியாவில் பணம் செலுத்தவும் வழி செய்யப்பட்டது. 2023 பெப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் கொடுப்பனவு முறை யூபிஐயுடன் இணைக்கப்பட்டபோதும் இரு பக்கமும் பணம் அனுப்பும் ஏற்பாடே செய்தார்கள். ஆகவே தொழில்நுட்பத்தால் முடியாது என்று யாரும் சொல்ல வரவேண்டாம். எங்களுக்காகக் கேட்க ஆளில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இங்கிருந்து இந்தியா போகிறவர்களில் உல்லாசப் பயணிகள் கொஞ்சப் பேர்தான். வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போகிறோம். நேர்த்திக்கடன் தீர்க்கச் சிதம்பரம் போகிறோம். கூறைச்சேலை எடுக்கவும், அங்கே படிக்கிற பிள்ளையைப் பார்க்கவும் போகிறோம். 2022 டிசெம்பரில் பலாலி - சென்னை விமானம் மீண்டும் வந்தது. 2024 ஓகஸ்ட் 16இல் காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் திரும்பவும் ஓடத் தொடங்கியது. 2024 செப்டெம்பர் முதலாம் திகதி இண்டிகோ விமானமும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது. போக்குவரத்து இவ்வளவு பெருகியும் காசை மட்டும் மடியில் முடிந்துகொண்டுதான் போகவேண்டியிருக்கிறது.

சென்ற வருடம் என் தங்கையை வைத்தியத்துக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். ஓட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், தேத்தண்ணிக் கடைக்காரர், எல்லாரும் ஸ்கான் செய்யத்தான் சொன்னார்கள். தாளை நீட்டினால் சில்லறை இல்லை. வெளிநாட்டில் பாவிக்கப் போகிறேன் என்று புறப்பட முன்பே வங்கிக்குப் போய்ச் சொல்லியிருந்தும், மருத்துவமனைக் கவுண்டரில் என் அட்டை வேலை செய்யவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகன் தன் கைபேசியால் கட்டணத்தைக் கட்ட, நான் அவருக்குத் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அங்கே இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன்?

காசாகக் கொண்டுபோவதிலும் இரட்டை நட்டம். இங்கே டொலர் வாங்கும்போது ஒரு விலை, அங்கே அதை மாற்றும்போது இன்னொரு விலை. மிஞ்சிய இந்தியத் தாள்களை அடுத்த பயணத்துக்கென்று அலுமாரியில் வைத்தாலும் நிம்மதியில்லை. 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவோடு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போனபோது எங்கள் பக்க வீடுகளிலும் அந்த இழப்பு இருந்தது. 2023 மே மாதத்தில் 2000 ரூபாய்த் தாளையும் புழக்கத்திலிருந்து மீளப்பெறுவதாக அறிவித்தார்கள்.

அந்நியச் செலாவணி வெளியே போய்விடும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். 2022இல் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாமல் நாடு தவித்ததை நாங்களும் வரிசையில் நின்று அனுபவித்தவர்கள்தான். அன்றைய கட்டுப்பாடுகளைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நோயாளி செலவழிக்கிற காசு எப்படியும் வெளியே போகத்தான் போகிறது. வங்கி வழியே போனால் கணக்கில் தெரியும். இல்லாவிட்டால் உண்டியல்காரரிடம் போகும். பயமென்றால் நாளொன்றுக்கு ஓர் உச்சவரம்பு வைக்கட்டும். மருத்துவக் கட்டணத்துக்கு மட்டும் அதைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கட்டும்.

இலங்கை மத்திய வங்கியும், நாட்டின் கொடுப்பனவு வலையமைப்பை நடத்தும் லங்காபே நிறுவனமும் இந்த இணைப்பில் எங்களுக்கான பக்கம் ஏன் விடுபட்டது, எப்போது திறக்கும் என்பதைத் தமிழிலும் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். வாக்குக் கேட்டு யாழ்ப்பாணம் வருகிற வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்குமாறு வாசகர்களையும், அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே பிரசுரிக்குமாறு தங்களையும் வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
புத்தூர்.
2024 செப்டெம்பர்