அம்பாசடருக்கு மூளை மாத்தலாமா பாஸ்?

பாயின்ட் வெச்ச பழைய அம்பாசடருக்கு கம்ப்யூட்டர் மூளை வைக்க ஆசையா? அர்டுயினோ மெகா போர்டுல ஓடுற 'ஸ்பீடுயினோ' இருக்கு. ஆனா, ஒயரை முறுக்கி டேப் சுத்தினதும் சாவியைத் திருப்பிடாதீங்க பாஸ்!

கிராங்க் புல்லியில 36-க்கு ஒரு பல் குறைஞ்ச சக்கரம் மாட்டணும். பல்லுக்குப் பல் 10 டிகிரி. எஞ்சின் எங்கே நிக்குதுன்னு இ.சி.யு.வுக்குச் சொல்றதே அந்தப் பொக்கைப் பல்தான்! சென்சாருக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணுங்க.

டைமிங்கை இனி இ.சி.யு. பார்த்துக்கும். அதனால டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸைப் பூட்டிடுங்க. ரெண்டு பேர் நாட்டாமை பண்ணினா எஞ்சின் தட்டும்.

போர்டு தர்றது 5 வோல்ட் சிக்னல். காயில் இழுக்கிறதோ பல ஆம்பியர். நடுவுல இக்னைட்டர் கட்டாயம்.

முக்கியமான மேட்டர், சாஃப்ட்வேர்ல ஸ்பார்க் அவுட்புட் செட்டிங். காயில் சார்ஜ் ஆக சுமார் 3 மில்லி செகண்ட் போதும். செட்டிங் தலைகீழா இருந்தா, எஞ்சின் நிக்கும்போதும் கரன்ட் ஓடி காயில் வெந்துடும். சாவியை ஆன் பண்ணி, காயிலோட ரெண்டு முனையிலும் மீட்டர் வைங்க. ஜீரோன்னா ஓகே. 12 வோல்ட் பக்கம் காட்டினா, உடனே ஆஃப்!

கடைசியா, சாஃப்ட்வேர்ல 10 டிகிரி ஃபிக்ஸ் பண்ணி டைமிங் லைட் அடிங்க. புல்லியும் 10-னு சொன்னாதான் ரோட்டுக்கு. ரைட்டா?