கூடாரத்திலுமா சமையல்?

சுற்றுலா என்றாலே நம் வீடுகளில் முதலில் வண்டி ஏறுவது குக்கரும் தோசைக்கல்லும்தான். மற்றவர்களுக்கு ஊர் சுற்றல்; நமக்கு அடுப்பு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில். இங்கே மெக்சிகோ எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 'பிக் பெண்ட்' என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். முள்ளும் கல்லுமான பாலைவனம். அதில் சான்டா எலினா என்ற பள்ளத்தாக்கில், ஆற்றின் இருபுறமும் 1,500 அடி உயரத்துக்குச் செங்குத்தான பாறைச் சுவர். 450 வகைக்கு மேல் பறவைகள் இந்தப் பூங்காவில் பதிவாகியிருக்கின்றன. சென்ற மார்ச்சில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, பறவை பார்ப்பதற்கென்றே அங்கே கூடாரம் போட்டுத் தங்கினோம்.

பாலைவனத்தில் பறவை பார்க்க ஏற்ற நேரம், விடிந்த இரண்டு மூன்று மணி நேரம்தான். வெயில் ஏறினால் பலதும் நிழலில் பதுங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் நம்மவர்களுக்குச் சூடாக உப்புமா, சட்னி வேண்டியிருக்கிறது! முதல் நாள் ஆண்களும் பிள்ளைகளும் பைனாகுலரோடு கிளம்ப, பெண்கள் நாலு பேரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தோம். அங்கே விறகு மூட்டவும் கூடாது, சின்ன கேஸ் அடுப்புதான். மிச்சம் மீதியை வெளியே வைத்தால் கரடியோ, ஜாவலீனா என்கிற பன்றி மாதிரி விலங்கோ வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இரும்புப் பெட்டிக்குள் எடுத்து வைக்க வேண்டும்.

போனவர்கள் திரும்பி வந்து, "நெருப்புத் துண்டு மாதிரி செவப்பா ஒரு ஈப்பிடிப்பான் பார்த்தோம்" என்று கதை சொன்னார்கள். எனக்கு வந்ததே கோபம்! "நாளைக்குக் காலையில அடுப்பே பத்த வைக்கப் போறதில்லை. ரொட்டி, ஜாம், வாழைப்பழம் இருக்கு. எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் எல்லோருமே பள்ளத்தாக்குக்குள் போனோம். பாறைச் சந்தில் கேன்யன் ரென் என்ற குருவி, படிக்கட்டில் இறங்குவது போல ஸ்வரம் ஸ்வரமாகப் பாடியது. ஆள் கண்ணில் படவில்லை. குரல் மட்டும் பாறை முழுக்க. அப்புறம் உச்சியில் ஒரு பொரி வல்லூறு! டி.டி.டி. பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்து, அமெரிக்காவில் அழியும் நிலைக்குப் போன பறவை இது. 1972-ல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பறவை மெல்லப் பெருகி, 1999-ல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. இப்போதும் அது கூடு கட்டும் மாதங்களில், பூங்காவின் சில இடங்களுக்கு ஆட்களை விடுவதில்லை.

இந்த இனத்தில் பெட்டைதான் பெரியது. அது அடைகாக்கும்போது ஆண் இரை பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும். அவ்வப்போது தானும் முட்டை மேல் உட்காரும். இதை என் கணவர் காதில் விழும்படி சத்தமாகவே படித்தேன்!

"பிள்ளைங்க வெறும் ரொட்டியோட எப்படி இருக்கும்?" என்று ஒரு தோழிதான் வருத்தப்பட்டார். பிள்ளைகள் கேட்கவே இல்லை. அடுத்த தடவை புளியோதரையை வீட்டிலேயே கலந்து எடுத்துக்கொள்வது, காலை டீ ஆண்கள் பொறுப்பு என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.

— ஒரு வாசகி, ஹூஸ்டன்