சோறு போட்டால் போதுமா?

திருப்பதிக்கு வந்தவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. திருமலையில் 1985-ல் தொடங்கப்பட்ட அன்னதானத் திட்டம் நாள்தோறும் பல்லாயிரம் பேரின் பசியைத் தீர்த்து வருகிறது. போற்றத்தக்க தர்மம் இது. ஆனால் சோறு தட்டின்றிக் கிடைக்கும் ஊரில் வேறொரு துன்பம் பிறர் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

கூட்டத்தில் வழி தவறியவர்கள், பெற்ற பிள்ளைகளே விட்டுச் சென்ற முதியவர்கள், சித்தம் கலங்கி ரயிலேறி வந்தவர்கள் ஆகியோர் எங்கேயோ உண்டு, எங்கேயோ படுத்து நாளைக் கழிக்கிறார்கள். பசியால் மயங்கி விழுந்தால் நாலு பேர் கூடுவார்கள். வயிறு நிறைந்தவரைப் பார்த்து, "எந்த ஊர்?" என்று கேட்பார் இல்லை.

இவர்களில் தமிழ் மட்டுமே அறிந்தவர்களும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர் பக்கத்து ரயில்கள் காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத்தானே திருப்பதி சேர்கின்றன? ஆனால் விசாரிக்கும் போலீஸ்காரருக்கும், காப்பகத்தில் குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் ஆயாவுக்கும் தெலுங்கே தாய்மொழி. "எங்க ஊரு புதூரு" என்று ஒரு மூதாட்டி சொன்னால், தமிழ்நாட்டில் புதூர்கள் எத்தனையோ! எந்த ஊர் சந்தைக்குப் போவீர்கள், பஸ் எங்கே ஏறுவீர்கள், ரேஷன் கடை எங்கே என்று பக்குவமாகக் கேட்டால்தான் தாலுகா பிடிபடும். அதைத் தமிழறிந்தவரே எளிதாகக் கேட்க முடியும்.

ஊர் பெயர் தெரியாவிட்டால் உரிமையும் இல்லை. ஆந்திர அரசு முதியோர் பென்ஷனை 2024 ஜூலை முதல் மாதம் 4,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழக அரசும் பென்ஷன் தருகிறது. ஆனால் பெயரும் விலாசமும் இல்லாதவருக்கு இரண்டு மாநிலத்திலும் கிடைப்பது ஒன்றுமில்லை.

சட்டங்களுக்குக் குறைவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. முதியவரைப் பராமரிக்கும் பொறுப்புள்ளவர் அவரை அடியோடு கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஜீவனாம்சம் கோர வக்கீல் தேவையில்லை. தாமே மனுக் கொடுக்க இயலாதவருக்காக, அவர் சம்மதம் பெற்ற வேறொருவர் கொடுக்கலாம். மனநோயால் திரிபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். ஆனால் சட்டம் வாய் திறந்து பேசுமா? மனிதர்தான் பேச வேண்டும்.

பிள்ளைகளை வரவழைத்து ஒப்படைப்பதோடு கடமை முடிந்துவிடாது. அடித்து விரட்டிய வீட்டுக்கே அனுப்புவது உதவியல்ல. திரும்பிப் போக விருப்பமா, காப்பகத்தில் இருக்க விருப்பமா என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும். அதற்கும் அவர் மொழி வேண்டும்.

சித்தூர், திருப்பதி மாவட்ட நிர்வாகங்கள் ரயில் நிலையம், பஸ் நிலையம், அரசு மருத்துவமனை, காப்பகங்கள் ஆகியவற்றில் தமிழ் பேசுவோரின் பெயர்ப் பட்டியலை வைக்க ஆவன செய்ய வேண்டும். தகவல் கிடைத்ததும் தமிழகப் போலீசாருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடும் அவசியம். இரவு பகலாகப் பிறர் மலஜலம் துடைக்கும் ஆயாக்களுக்கும் உதவியாளர்களுக்கும் காலத்தில் சம்பளமும் வார ஓய்வும் கிடைப்பதைக் கண்காணிக்கவும் வேண்டும். சலித்துப்போன கையில் கனிவை எதிர்பார்க்க முடியாது.

பிழைப்புக்காக இங்கு வந்துள்ள தமிழன்பர்கள் பெரும் பணம் கொடுக்க வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம், காப்பகத்தில் பேச்சுத் துணையாக உட்கார்ந்தால் போதும். பிளாட்பாரத்தில் தனித்திருக்கும் முதியவரைக் கண்டால் ஒரு நிமிஷம் நின்று ஊர் கேட்கலாம். முதியோர் உதவிக்கு 14567, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112 என்ற எண்களில் கட்டணமின்றித் தெரிவிக்கலாம்.

அன்னமிட ஆயிரம் கைகள் உள்ள ஊர் இது. "அம்மா, எந்த ஊர்?" என்று கேட்கும் நாவும் வேண்டும்.