தேநீர் மலிந்தபோது வெடித்த புரட்சி

சென்ற வாரம் முதுகலை மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் புரட்சிக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு ஏறத்தாழ எல்லோரும் ஒரே விடையை எழுதியிருந்தார்கள்: பிரிட்டன் கடுமையான வரிகளை விதித்தது, சுமை தாளாமல் குடியேறிகள் கிளர்ந்தெழுந்தார்கள். பள்ளிப் பாடநூலில் நானும் அப்படித்தான் படித்தேன். மதிப்பெண் போட்டுவிட்டேன், மனம்தான் ஒப்பவில்லை. ஆகவே இந்த நீண்ட பதிவு. பொறுத்தருள்க.

இரண்டு செய்திகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். அயல்நாட்டு மொலாசஸ் மீது 1733இல் விதிக்கப்பட்ட தீர்வை, கேலனுக்கு 6 பென்ஸ். 1764ஆம் ஆண்டின் சர்க்கரைச் சட்டம் அதை 3 பென்ஸாகக் குறைத்தது. அடுத்து, 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்க அது வழிசெய்தது. அதனால் தேயிலையின் விலை குறைய இருந்தது. இரு முறையும் எதிர்ப்பு வலுத்தது. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. போதாததற்கு, அன்று பிரிட்டனில் வாழ்ந்தவர்கள் செலுத்திய வரி குடியேறிகள் செலுத்தியதைவிடப் பன்மடங்கு அதிகம். சுமை என்ற ஒற்றைச் சொல்லால் இவற்றை எவ்வாறு விளக்குவது?

அரசின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1763இல் முடிவுற்ற ஏழாண்டுப் போர், பிரிட்டனின் தேசியக் கடனை ஏறத்தாழ இருமடங்காக்கி 13 கோடி பவுண்டை ஒட்டிய அளவுக்குக் கொண்டுபோயிருந்தது. அமெரிக்காவில் படையை நிறுத்தவும் செலவாயிற்று. பாதுகாப்பைப் பெறுவோர் செலவில் ஒரு பங்கை ஏற்கட்டும் என்று லண்டன் எண்ணியதை அநியாயம் என்று தள்ளிவிட இயலாது. ஆனால் குடியேறிகளின் வினா வேறாக இருந்தது. எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. யாரைக் கேட்டு என்று கேட்டார்கள். வரி விதிக்கும் உரிமை தாங்கள் தேர்ந்தெடுத்த பேரவைகளுக்கே உண்டு என்பது அவர்கள் வாதம்.

இங்கேதான், என் கருத்தில், திருப்புமுனை இருக்கிறது. எதிர்ப்பின் வேகத்தைக் கண்டு 1766 மார்ச்சில் நாடாளுமன்றம் முத்திரைச் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. அத்துடனேயே பிரகடனச் சட்டம் என்ற ஒன்றையும் நிறைவேற்றியது: எந்தப் பொருளிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், சச்சரவின் மூலத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள்.

அதே கதை மீண்டும் நிகழ்ந்தது. 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது டவுன்ஷெண்ட் தீர்வைகள் வந்தன. இறக்குமதிப் புறக்கணிப்புக்குப் பின் 1770இல் தேயிலை தவிர ஏனையவை நீக்கப்பட்டன. தேயிலைத் தீர்வையை வைத்துக்கொள்வது என்ற முடிவு 1769இல் பிரிட்டிஷ் அமைச்சரவையில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தேறியது. வருவாயைவிட உரிமையை நிலைநாட்டுவதே நோக்கம். ஒரு தரப்பு ஒரு தீர்வையை உரிமையின் அடையாளமாக வைத்துக்கொண்டால், மறுதரப்பும் அதை அடையாளமாகவே படிக்கும். மலிவான தேநீர் அதனால்தான் அவர்களுக்குக் கசந்தது.

கடத்தல் வணிகர்களின் இலாபம் போயிற்று, அதுதான் உண்மைக் காரணம் என்று நண்பர்கள் மறுக்கலாம். டச்சுத் தேயிலையைக் கடத்தியவர்களுக்கு இழப்பு வந்தது மெய்யே. ஆயினும் வணிகனின் இழப்பு ஊர்க்கூட்டங்களின் சினமாக மாறியது எப்படி என்பதை அது விளக்காது. 1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தின்போதும் வரிவசூலைக் கைவிடாத கம்பெனியைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தார்கள். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773இல் புனைபெயரில் எழுதிய கடிதம், ஆசியாவில் கம்பெனி செய்ததைச் சுட்டியே தம் மக்களை எச்சரித்தது. நம் மண்ணின் துயரம் அவர்களுடைய அச்சத்துக்குச் சான்றாயிற்று.

டிக்கின்சன் கிளர்ச்சிக்காரர் அல்லர் என்பதே இதில் முக்கியம். தேயிலை அழிப்புக்குத் தண்டனையாக 1774இல் பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. மாசசூசெட்ஸின் சாசனம் திருத்தப்பட்டது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன. அதன் பிறகும், அந்த ஜூலையில், மன்னருக்குச் சமாதான மனுவை வரைந்தவர் அதே டிக்கின்சன். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனுவை ஏற்க மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று கிளர்ச்சிப் பிரகடனம் வெளியாயிற்று. 1776 ஜூலையில் விடுதலைச் சாற்றுரையில் டிக்கின்சன் கையொப்பமிடவில்லை. ஆனால் அவர் நின்ற நடுநிலம் அப்போது எஞ்சியிருக்கவில்லை. அதை அழித்ததில் கிளர்ச்சியாளரின் பங்கு உண்டு. மனுவை வாங்க மறுத்த கையின் பங்கு அதனினும் பெரிது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்த உரிமைக்குரலின் எல்லையை மறைப்பது நேர்மையாகாது. யாரைக் கேட்டு என்று முழங்கியவர்களின் குடியேற்றங்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அடிமை. 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தபோது பலர் தப்பியோடி அவரிடம் சேர்ந்தார்கள். அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே குடியேறத் தடைவிதித்த 1763ஆம் ஆண்டு ஆணையைக் குடியேறிகள் குறையாகக் கண்டார்கள். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கோ அது சிறிதளவேனும் காப்பு. அவர்களை எவரும் கேட்கவில்லை.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்சிகளைப் பற்றி எழுதும்போது வரியின் எடையை மட்டும் நிறுக்காதீர்கள். முறையீட்டைக் கேட்கும் காது எப்போது மூடிக்கொண்டது, சலுகை தந்த கை எதைத் தன்னிடமே வைத்துக்கொண்டது, உரிமை கேட்டவர்கள் யாரை வெளியே நிறுத்தினார்கள் என்ற மூன்றையும் வினவுங்கள். மறுப்பிருந்தால் எழுதுங்கள், அடுத்த விடைத்தாள் கட்டைத் திருத்துவதற்கு முன் நானும் திருந்திக்கொள்கிறேன்.