பாதி ஏட்டை மட்டும் வாசிக்கலாமா?



"பாலினச் சமத்துவமா? அதை உரோமையே கண்டித்துவிட்டதே!" என்று அன்பியக் கூட்டங்களில் சிலர் வாதிடுகின்றனர். 2024 ஏப்ரலில் விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட 'எல்லையற்ற மாண்பு' ஏடு, ஆண் பெண் என்ற படைப்பின் வேறுபாட்டையே அழிக்க முயலும் பாலினக் கோட்பாட்டை மறுப்பது உண்மைதான். அதே ஏடு பெண்கள் மீதான வன்முறையைக் கண்டிக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்கிறது. அந்தப் பக்கத்தை ஏனோ எவரும் எடுத்துச் சொல்வதில்லை! 'பாலினம்' என்ற சொல்லுக்கே அஞ்சுவோர், இந்திய ஆயர் பேரவை 2010இல் பாலினக் கொள்கை என்ற பெயரிலேயே ஒரு கொள்கையை வெளியிட்டதை அறிவார்களா?

காரைக்குடிப் பக்கம் கட்டட வேலையில் பெரியாளும் சித்தாளும் சேர்ந்தே கல் சுமக்கிறார்கள். சனிக்கிழமை கூலி வாங்கும்போது சித்தாளின் கையில் குறைவாகவே விழுகிறது. கொடுப்பவர்களில் சிலரை மறுநாள் திருப்பலியில் பார்க்கிறேன்.