அந்த மொட்டையன் மறுகா வந்தானா?

உன்னிச்சையில் விடியப்புறம் நாலு மணிக்குக் கண் முழித்திருக்கிறவன் இரண்டு வகை. ஒருத்தன் வட்டைக்குள் யானைக் காவல் இருக்கிறவன். மற்றவன் ரெஸ்லிங் பார்க்கிறவன். 2025இல் நான் இரண்டுமாக இருந்தேன். யானை வந்தால் சத்தம் கேட்கும், வெடி போட்டு விரட்டலாம். வருசம் முழுக்க முழித்திருந்து ஏமாந்ததுக்கு எந்த வெடியைப் போடுறது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். “அது பொய் அடிதானே, அதைப் போய்ப் பார்க்கிறாயா?” என்று கேட்கிறவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை. மட்டக்களப்பில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? வட்டக்களரியைச் சுற்றிச் சாமம் சாமமாக உட்கார்ந்து வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்த சனம் நாங்கள். கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறோம்? கட்டியகாரன் வந்து ராசா வாறார் என்று சொன்னால், முடி வைத்துக்கொண்டு வரப்போகிறது பக்கத்து வளவு மாமாதான் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மத்தளம் விழ நெஞ்சு இடிக்கும். வடமோடி என்றால் போரும் சாவும், தென்மோடி என்றால் பெரும்பாலும் காதலும் கல்யாணமும். முடிவு தெரிந்த கதைதான் எல்லாம். கூத்தை நடத்துகிற அண்ணாவியாரிடம் நாங்கள் கேட்கிறது ஒன்றே ஒன்று: தொடங்கினதை விடிய முதல் முடித்துத் தா.

ரெஸ்லிங்கும் முந்தி அப்படித்தான் இருந்தது. 1985 மார்ச்சில் முதலாவது ரெஸில்மேனியா. எண்பதுகளின் கடைசியில் வருசத்துக்கு நாலே நாலு பெரிய ஷோதான்: றோயல் ரம்பிள், ரெஸில்மேனியா, சமர்ஸ்லாம், சர்வைவர் சீரீஸ். 1995 மே மாதம் ‘இன் யுவர் ஹவுஸ்’ என்று ஒன்றைத் தொடங்கி, மாதத்துக்கு ஒன்றாக்கினார்கள். எங்கட பக்கம் அப்போது கறண்ட் இல்லை. டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, முற்றத்தில் போட்டுப் பார்த்தோம். கசெற் எங்களிடம் வந்து சேர வருசமும் ஆகும். ஆனால் வந்த கசெற்றுக்குள் ஒரு முடிவு இருந்தது. அண்டர்டேக்கரைப் பெட்டிக்குள் அடைத்தால் அடைத்ததுதான். பெட்டியை விட்டு எழும்பி வருகிறதும் ஒருநாள் வரும், அதையும் காட்டுவார்கள்.

இப்போது ஷோக்களின் பேரையே மாற்றிவிட்டார்கள். 2022இலிருந்து ‘பே-பெர்-வியூ’ கிடையாது, ‘பிரீமியம் லைவ் ஈவென்ட்’. என்ன பிரீமியம், சொல்லுங்கள்? 2025 மார்ச் மாத எலிமினேஷன் சேம்பரில் மொத்தம் நாலு மேட்ச். நவம்பர் சர்வைவர் சீரீஸிலும் நாலு மேட்ச். மிச்ச நேரமெல்லாம் நடந்து வருகிறார்கள், போன கிழமை நடந்ததைத் திருப்பிக் காட்டுகிறார்கள், விளம்பரம் போடுகிறார்கள். வளையத்தின் நடு விரிப்பில் கம்பனிப் பேர். ஆளைத் தூக்கிப் போட்டு உடைக்கிற மேசையிலும் கம்பனிப் பேர். 2014இல் மாதம் 9.99 டொலருக்கு எல்லா ஷோவும் என்று விற்றவர்கள், 2025 செப்டெம்பரிலிருந்து அமெரிக்கச் சனத்தை மாதம் 29.99 டொலர் கேட்ட இஎஸ்பிஎன் பக்கம் அனுப்பிவிட்டார்கள். காசு மூன்று மடங்கு. கதை?

கதைக்குத்தான் வாறேன்.

மார்ச் 1, டொரொன்டோவில் அந்த எலிமினேஷன் சேம்பர். எங்களுக்கு 2ஆம் திகதி ஞாயிறு விடியல். மாரி வெள்ளாமை அறுவடை நேரம், ராவு முழுக்கக் காவல். சேற்றுக் காலோடு வந்து குசினி வாசலில் குந்தி, போனை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்துப் பார்க்கிறேன். அம்மா தேத்தண்ணி ஆத்திக்கொண்டு பின்னால் நிற்கிறா. ஜோன் சீனா சேம்பரை வென்றாச்சு. கோடி றோட்ஸ் பெல்ட்டோடு வந்து நிற்கிறார். உன்ர ஆன்மாவைத் தா என்று கேட்டிருந்த றொக் பதிலுக்கு வந்திருக்கிறார். கோடி முடியாது என்று முகத்துக்கு நேரே ஏசிவிட்டார். சனம் கத்துகிறது. சீனா வந்து கோடியைக் கட்டிப் பிடிக்கிறார். கட்டிப் பிடித்தபடியே தோளுக்கு மேலால் றொக்கைப் பார்க்கிறார். றொக் ஒரு விரலைத் தன் கழுத்தில் வைத்து ஒரு இழுவை இழுத்தார். சீனாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. சடாரென்று அல்ல, விளக்கில் எண்ணெய் வற்றுகிற மாதிரி. அதற்குப் பிறகு சீனா கோடிக்கு அடித்த அடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருபது வருசத்துக்கு மேல் நல்லவனாகவே நின்ற மனிசன்!

“ஆர் மனே அந்த மொட்டையன்? கழுத்த அறுக்கச் சொல்லுறானே!” என்றா அம்மா. ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது அவவுக்கு. முழுக் கதையும் விளங்கிவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. இந்த ஒரு நிமிசத்துக்குத்தானே ஐயா நாங்கள் முழித்திருக்கிறோம்?

பிறகு ஏப்ரல். லாஸ் வேகாஸில் ரெஸில்மேனியா 41, இரண்டு நாள். முதல் நாளில் குறை சொல்ல மாட்டேன். பங்க், றோமன் றெயின்ஸ் இருவரையும், அவர்களுக்குப் பக்கத்துணையாக நின்ற போல் ஹேமன் ஒரே இரவில் காட்டிக்கொடுத்து எதிராளி செத் றொலின்ஸின் பக்கம் போனாரே, அது கூத்து. இரண்டாம் நாள் சீனாவும் கோடியும் மோதுகிறார்கள், எங்களுக்கு 21ஆம் திகதி திங்கட்கிழமை. வயல் வேலையை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டா. மொட்டையன் வரப்போகிறான் என்று.

வரல்ல.

பாட்டுக்காரர் ட்ராவிஸ் ஸ்கொட் வந்தார். ஆடி அசைந்து, அவ்வளவு நீளப் பாதையையும் நடந்து வந்து, றெஃப்ரியை வெளியே இழுத்தார். கோடி பெல்ட்டைத் தூக்கிவிட்டு அடிக்க மனமில்லாமல் நிற்க, சீனா கீழே ஒரு குத்து... அந்த இடத்தில் என் போனில் வட்டம் சுழலத் தொடங்கியது. மாதா மாதம் காசு கட்டுகிற அப். சுழலுது, சுழலுது. பக்கத்து அறையிலிருந்து மருமகன் கத்துகிறான்: “மாமா, ரீல்ஸ்ல வந்துட்டு! பெல்ட்டால அடிச்சி வெண்டுட்டான்!” பதினேழாவது பட்டம், றிக் ஃப்ளேயரின் பதினாறைத் தாண்டின சரித்திரம். அதை நான் ஒரு பதினாலு வயதுப் பெடியனின் வாயால் கேட்டேன்.

அப் சுழன்றதை விட்டுவிடுகிறேன். கதை எங்கே போனது? ஆன்மா கேட்டவர் எங்கே? கேட்டது எதற்கு, விற்றதுக்கு என்ன விலை, ஒன்றுக்கும் பதில் கிடையாது. றொக் அந்த வளையத்துக்குள் வந்து ஒரு சொல் சொல்லவில்லை. ‘ரெஸ்லிங்கை நாசமாக்குவேன்’ என்று சீனா மேயில் சென் லூயிஸிலும் ஜூனில் றியாத்திலும் திரிந்தார். ஆகஸ்ட் 1, சமர்ஸ்லாமில் கோடியோடு மோத இரண்டே நாள் இருக்க, திடீரென்று திரும்பவும் நல்லவன்! கர்ணன் போரின் நடுச்சாமத்தில் கர்ணன் அம்பை வைத்துவிட்டு, சரி நான் இனிப் பாண்டவர் பக்கம் என்றால் களரியில் சனம் இருக்குமா? அண்ணாவியாரைச் சனம் விட்டுவைக்குமா? அந்தச் சமர்ஸ்லாம் மேட்ச் என்னவோ அந்த வருசத்தின் நல்ல மேட்சுகளில் ஒன்று. கோடியும் சீனாவும் உயிரைக் கொடுத்தார்கள். அதுதான் இன்னும் வயிறெரியுது. இவ்வளவு கையிருப்பு இருந்தும் கதையைத் தெருவில் விட்டுவிட்டார்களே!

நான் ரெஸ்லிங்கை மட்டும் சொல்லவில்லை, உங்களுக்கு விளங்கும். எங்கட ஒழுங்கை முனையில் இரண்டு பெரிய கொங்கிறீட் குழாய் கிடக்கிறது. மதகு போடப்போகிறோம் என்று மாலை, மேளம், ஃபோட்டோ எல்லாம் வைத்துக் கொண்டு வந்து இறக்கினார்கள். தேங்காய் உடைத்த இடம் இன்னும் தெரியும். மதகு இல்லை. மாரியில் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளத்துக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். குழாய்க்குள் கீரிப்பிள்ளை குடும்பம் நடத்துது. கேட்டால், அது அப்போதைய திட்டம், இப்போது வேறு திட்டம் என்கிறார்கள். தொடக்கத்தை விற்கிறதில் எல்லாரும் கெட்டிக்காரர். முடிக்கிறதுக்கு ஆளில்லை.

மிச்ச வருசத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். சமர்ஸ்லாம் முடிந்த கையோடு ப்றொக் லெஸ்னர் வந்து சீனாவைத் தூக்கிப் போட்டார். சரி, செப்டெம்பர் 20 ரெஸில்பலூஸாவில் பதில் கொடுப்பார் என்று இருந்தால், முதல் மேட்ச்சாகவே போட்டு, ஒருபக்க அடி அடித்து, முடித்துவிட்டார்கள். அந்த வருசத்தோடு ஓய்வு பெறப் போகிற மனிசனை ஏன் அப்படி அடிக்க வேண்டும்? திருப்பி ஒரு மேட்சும் இல்லை. ஒக்டோபர் 11 பேர்த் மட்டும் மனதுக்கு நிறைவு. எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் வந்த ஷோ. சீனாவும் ஏஜே ஸ்டைல்ஸும் போன தலைமுறை ஆட்களின் பிடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து விளையாடினார்கள். மருமகன் ஒவ்வொன்றும் ஆருடையது என்று கேட்டான், நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வருசத்தில் எங்கள் இருவருக்கும் கிடைத்த ஒரே நல்ல பின்நேரம் அது.

முடிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமலும் இல்லை. ஜூலை 12 டெக்சாஸில் இன்னொரு ரெஸ்லிங் கம்பனியான ஏஇடபிள்யூவின் ‘ஓல் இன்’ பார்த்தீர்களா? ஹேங்மன் அடம் பேஜ் எத்தனை காலம் தடுமாறி, கெட்டு, குற்ற உணர்ச்சியோடு அலைந்தார்! அன்றைக்கு ஜோன் மொக்ஸ்லியை வென்று பெல்ட்டை எடுத்தபோது எல்லாக் கணக்கும் தீர்ந்தது. அவ்வளவுதான் நாங்கள் கேட்கிறது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டையே புரட்டிப் போட்ட கிழமை. கறண்ட் இல்லை, சிக்னல் இல்லை, உன்னிச்சைக் குளம் என்ன செய்யுமோ என்று எல்லாரும் வானைப் பார்த்தபடி நின்றோம். சர்வைவர் சீரீஸ் நடந்ததே எனக்கு நாலைந்து நாள் கழித்துத்தான் தெரியும். சீனா அந்த மாதம்தான், பொஸ்டனில், தன் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்டர்கொன்டினென்டல் பெல்ட்டை வென்றிருந்தார். அதை அந்தச் சர்வைவர் சீரீஸில் டொமினிக் மிஸ்டீரியோவிடம் விட்டுவிட்டார்.

டிசெம்பர் 14, ஞாயிறு காலை. வொஷிங்டனில் சீனாவின் கடைசி மேட்ச். எதிராளி குந்தர் அவர் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருக்கிறார். மருமகன் ‘நெவர் கிவ் அப்’ என்ற சீனாவின் சொல்லை எழுதின துவாயைக் கழுத்தில் போட்டபடி, போனுக்கு ஒரு சாண் தூரத்தில். சீனா ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார். பிறகு கையால் தட்டினார். விட்டுக்கொடுத்துவிட்டார். அரங்கு முழுக்கக் கூவியது. தோற்றதில் எனக்குக் கோபமில்லை, போகிறவன் தோற்றுத்தான் போகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆனால் இருபது வருசம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லை விற்ற மனிசனை, அந்தச் சொல்லையே கைவிட வைத்து அனுப்ப எப்படி மனம் வந்தது? மருமகன் ஒன்றும் பேசவில்லை. துவாயைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

“முடிஞ்சுதா மனே? இனி அவன் வரமாட்டானா?”

“இல்லம்மா. இதோட சரி.”

“அந்த மொட்டையன் மறுகா வந்தானா?”

“வரல்லம்மா.”

அவ கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றா.

“அப்ப ஏன் கழுத்த அறுக்கச் சொன்னவன்?”